மறைச்சாலும் பாடுமா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஓணம் முடிந்த கையோடு அரையாண்டுக் கணக்கு, அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆபீசில் ஆணி அதிகம். இன்று இரண்டாவது சனிக்கிழமை. தங்கமணி காய்கறி வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். மடிக்கணினி என் கையில் சும்மா இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

விஷயம் ஒரு மென்பொருள் பற்றியது. அதிலும் அந்த மென்பொருளில் உள்ள ஒரே ஒரு பட்டனைப் பற்றியது. ஓடிவிடாதீர்கள் :-) பாதியில் கொசுவத்தியும் உண்டு.

நாங்கள் இருக்கும் பூஜப்புரை குடியிருப்பில் போன ஓணத்துக்கு நாலு பிள்ளைகள் சேர்ந்து வாத்தியம் வாசிப்பதாக ஏற்பாடு. என் பெண்ணும் மூன்றாவது மாடிப் பெண்ணும் வயலின். ஒரு பையன் புல்லாங்குழல். இன்னொருவன் கீபோர்டு. சினிமாப் பாட்டு வேண்டாம், புதிதாக ஏதாவது செய்யலாம் என்று கூடிப் பேசியபோது, எதிர் வீட்டு அம்மூம்மாதான் யோசனை சொன்னார். இரண்டு தாலாட்டு. ஒன்று மலையாளம், ஒன்று தமிழ்.

மலையாளத்துக்கு யோசிக்கவே வேண்டாம். 'ஓமனத்திங்கள் கிடாவோ'. இரயிம்மன் தம்பி எழுதியது. 1813ல் பிறந்த சுவாதித் திருநாளைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைக்க எழுதியதாகச் சொல்வார்கள். குறிஞ்சி ராகம். இந்த ஊரில் பிறந்த குழந்தை எதுவும் அதைக் கேட்காமல் வளர்ந்திருக்காது. ராஜா வீட்டுக் குழந்தைக்கு எழுதிய பாட்டு இருநூறு வருடத்தில் ஆட்டோக்காரர் வீட்டுத் தூளிக்கும் வந்துவிட்டது.

தமிழ்த் தாலாட்டுக்கு என் அம்மா. அப்பா போனபின் மாயவரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தொடக்கப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்த புதிதில் மலையாளம் புரியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். பிறகு சாலைக் கடைத்தெருவில் தமிழ் பேசினால் போதும் என்று கண்டுபிடித்தார். எதிர் வீட்டு அம்மூம்மாவோடு ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டு வாழைக்காய் நறுக்குமளவுக்குப் பழகியும்விட்டார். அம்மா பாடும் தாலாட்டு அவருடைய அம்மா பாடியது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நீலாம்பரி சாயல் இருக்கும். என்னையும் தங்கச்சியையும் அந்தப் பாட்டில்தான் தூங்கவைத்தார்; என் பெண்ணையும்.

பிள்ளைகள் நாலு பேரும் படிப்பது மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன். ஐந்து கோடு, அதில் புள்ளி புள்ளியாக ஸ்வரம். யாராவது எழுதித் தர வேண்டும். வயலின் கிளாஸ் வாசலில் நாலு வருடம் காத்துக் கிடந்த தகப்பன் என்ற தகுதியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நமக்கு பி.காம். ஐந்தொகை தெரியும், ஐந்து கோடு தெரியாது. பெண்ணோடு சேர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டேன்.

மென்பொருள் பெயர் மியூஸ்ஸ்கோர். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கும். வெர்னர் ஷ்வேர் என்ற ஜெர்மன்காரர் 2002 வாக்கில் தொடங்கியது. இப்போது நாலாம் பதிப்பில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் பெரிய ஆளாக இருந்த ஃபினாலே, இனிமேல் வளர்க்கப் போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. கட்டற்ற மென்பொருள் விஷயத்தில் திருவனந்தபுரம் கெட்டிக்கார ஊர். 2001ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது இங்கேதான்.

அம்மாவைப் பாடச் சொல்லி செல்போனில் பதிந்துகொண்டேன். இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு வரி ஓடவிடுவது, நிறுத்துவது, கீபோர்டில் தடவிப் பார்ப்பது, மென்பொருளில் போடுவது. நாலு வரிப் பாட்டுக்கு ஒரு வாரம் ஆனது. முதல் பிரதியை அச்செடுத்து வயலின் மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சாரே, இது தாலாட்டா, கணக்குப் புத்தகமா?" என்றார்.

தப்பு அவர் மேல் இல்லை. அம்மா பாடுவது ஆட்டுகிற கையின் கணக்கு. ஒரு வரி மூணு மூணாக ஊஞ்சலாடும். அடுத்த வரி இழுத்து நாலரையில் நிற்கும். நானோ மென்பொருள் கேட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் தாளக் குறி போட்டு, நடுவில் வேகம் குறையும் இடத்திலெல்லாம் 54, 48, 40 என்று எண் போட்டு, மூச்சு விடும் இடத்திலெல்லாம் மௌனக் குறி போட்டு வைத்திருந்தேன். தாள் முழுக்க எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. புல்லாங்குழல் பையன் வாசிக்காத எட்டு கட்டத்துக்கும் அவனுடைய வரி காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் சொன்னார்: "எல்லாம் உள்ளே இருக்கட்டும். பிள்ளை கையில் கொடுக்கும் தாளில் பிள்ளைக்கு வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும். மறைச்சுடுங்க."

அப்படித்தான் வி பட்டன் அறிமுகம். குறியைத் தேர்ந்தெடுத்து விசைப்பலகையில் வி என்ற எழுத்தைத் தட்டினால் அது மறையும். திரும்பத் தட்டினால் வரும். மறைந்தது அழிந்துபோவதில்லை. மெனுவில் 'மறைந்ததைக் காட்டு' என்று ஒரு டிக் இருக்கிறது. அது இருந்தால் மறைந்த குறி திரையில் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். டிக்கை எடுத்தால் திரையிலும் போய்விடும். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அச்சிலோ பிடிஎஃப்பிலோ வராது. வாசிக்க ஆளில்லாத வெற்று வரிகளை மொத்தமாக மறைக்கத் தனி வசதி உண்டு. தாளக் குறியை மறைத்தேன். வேக எண்களை மறைத்தேன். மௌனக் குறிகளில் பாதியை மறைத்தேன். மூணு பக்கம் ஒரு பக்கமானது. மாஸ்டர் இந்த முறை கண்ணாடியைத் தூக்கவில்லை.

நமக்குக் கையில் ஒரு சுத்தியல் கிடைத்தால் போதுமே. அழிக்க வேண்டியதையெல்லாம் நான் மறைக்க ஆரம்பித்தேன். தப்பாகப் போட்ட ஸ்வரம், வேண்டாம் என்று விட்ட துணைக் குரல், எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் வி. எதற்கு அழிப்பானேன், நாளைக்கு வேண்டியிருந்தால்? வங்கிக்காரன் புத்தி. ஒரு காகிதத்தைக் கிழிக்க எட்டு வருடம் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள்.

அடுத்த வாரப் பயிற்சியில் கீபோர்டு பையன் தாளில் இல்லாத ஒரு ஸ்வரத்தை விடாப்பிடியாக வாசித்துக்கொண்டிருந்தான். நாலு தடவை திருத்தியும் கேட்கவில்லை. "அங்கிள், கம்ப்யூட்டர் அப்படித்தானே வாசிக்குது!" என்றான். வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டேன். ஆமாம், வாசிக்கிறது. பையன் காதால் கற்றுக்கொள்கிறவன். நான் அனுப்பிய ஒலிக்கோப்பைக் கேட்டே பாடம் செய்திருக்கிறான். நான் மறைத்துவைத்த துணைக் குரல் அதில் கம்பீரமாகப் பாடிக்கொண்டிருந்தது.

மியூஸ்ஸ்கோரில் கண்ணுக்குத் தெரிவது ஒரு டிக், காதுக்குக் கேட்பது வேறொரு டிக். ஸ்வரத்தை மறைத்தால் கண்ணுக்கு மட்டும்தான் மறையும். ஒலிக்காமல் இருக்க வேண்டுமென்றால் பண்புகள் பலகையில் 'வாசி' என்ற டிக்கைத் தனியாக எடுக்க வேண்டும். வேகக் குறியும் இப்படித்தான். 40 என்ற எண் தாளில் இல்லாவிட்டாலும் அந்த இடம் வந்ததும் பாட்டு தானாக மெதுவாகும். இதை ஒரு குறை என்று நினைத்துத் திட்டினேன். பிறகு யோசித்தால், இதுதான் அதன் உபயோகமே. வாசிக்கிறவருக்குத் தொந்தரவு இல்லாமல் பாட்டின் நடையை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. வேறொரு ஊரில் கடன் பிரிவில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளர் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல்லில் அனுப்புவார். சரக்கு இவ்வளவு, வர வேண்டிய பாக்கி இவ்வளவு என்று. தொண்ணூறு நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அதை வைத்துத்தான் டிராயிங் பவர் நிற்கும். ஸ்டேட்மென்ட் பார்க்கச் சுத்தமாக இருந்தது, பழைய பாக்கி ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் கரண்ட் போய், பொழுது போகாமல், அச்சுப் பிரதியைக் கால்குலேட்டரில் கூட்டினேன். மொத்தம் ஒத்துவரவில்லை. கரண்ட் வந்ததும் கோப்பைத் திறந்தால் வரிசை எண் 14க்கு அடுத்து 23. நடுவில் எட்டு வரி மறைந்திருக்கிறது. எக்ஸெல்லில் வரியை மறைத்தாலும் 'சம்' கூட்டலில் அது சேரும். மறைந்ததைத் தள்ளிக் கூட்ட 'சப்டோட்டல்' போட்டு 9க்குப் பதில் 109 என்று கொடுக்க வேண்டும். அவர் மறைத்ததெல்லாம் பழைய பாக்கி. மொத்தத்தில் மட்டும் அது உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் வரிசை எண்ணைத்தான் பார்ப்பேன்.

அதே ஆள்தான் மியூஸ்ஸ்கோரில் துணைக் குரலை மறைத்துவிட்டுப் போய்விட்டது என்று நிம்மதியாகத் தூங்கியவன். ஹி ஹி.

நம் சங்கீதத்தில் எழுத்து எப்போதுமே பாதியை மறைத்துத்தான் வந்திருக்கிறது. கடையில் வாங்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் ஸ ரி க ம இருக்கும். ரிஷபத்தை எப்படி அசைப்பது, காந்தாரத்தை எங்கே பிடித்து எங்கே விடுவது என்பது இருக்காது. அது வாத்தியார் வாயில் இருக்கும். இதை எழுத்தில் கொண்டுவந்தே தீர்வது என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. 1890களில் சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டிலேயே அச்சிட்டார். இன்று நான் மியூஸ்ஸ்கோரில் தட்டுத் தடுமாறிச் செய்வதை அவர் அன்றைக்கு அச்சுக்கூடத்தில் செய்திருக்கிறார். அவருடைய தூண்டுதலும் ஒரு காரணமாக, எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். தெலுங்கு எழுத்து, எட்டயபுரம் ஜமீன் ஆதரவு. முத்துசுவாமி தீட்சிதர் குடும்பத்துச் சொத்தாக வாய்வழி வந்த கீர்த்தனைகளை, ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வைத்து ஸ்வரத்தின் தலையில் போட்டு எழுதினார். மியூஸ்ஸ்கோர் பாஷையில் சொன்னால், 'மறைந்ததைக் காட்டு' டிக்கைப் போட்டுப் புத்தகமாக அடித்துவிட்டார்! பின்னால் மெட்ராஸ் மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்திலும் கொண்டுவந்தது.

இந்த ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. தாலாட்டுக் கேட்டு வளர்ந்த அந்த சுவாதித் திருநாள் பெரிய சாகித்தியகர்த்தா ஆனார். 1846ல் முப்பத்துமூன்று வயதில் போய்விட்டார். அவருடைய பல பாட்டுகளுக்குச் சாகித்தியம் நின்றது, மெட்டு நினைவிலிருந்து மறைந்துவிட்டது. நூறு வருடம் கழித்து, 1939ல் இங்கே சங்கீதக் கல்லூரி தொடங்கியபோது வந்த முத்தையா பாகவதரும் அவருக்குப் பின் முதல்வரான செம்மங்குடியும் பலவற்றுக்கு மெட்டமைத்து, ஸ்வரப்படுத்திக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். சொல் இருந்தது, பாட்டு இல்லை.

எங்கள் வீட்டில் நேர் தலைகீழ். பாட்டு இருந்தது, ஒரு வரிக்குச் சொல் இல்லை.

அம்மாவின் தாலாட்டில் நாலு வரி என்றேன் இல்லையா. மூன்றாவது வரியை அம்மா பாட மாட்டார். "ம்ம்... ம்ம்..." என்று முனகிவிட்டு நாலாவதில் சொல்லைப் பிடித்துக்கொள்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அது தாலாட்டுக்கு அழகு, பாதித் தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்குச் சொல் எதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவு செய்யும்போது கேட்டேன். "மறந்து போச்சு தம்பி" என்றார்.

மூன்றாவது வரியின் மெட்டு ஏறக்குறைய முதல் வரிதான். ஒரு இடத்தில் மட்டும் நிஷாதம் கொஞ்சம் இறங்கும்; ஐந்து கோட்டில் ஒரு ஃபிளாட் குறி போட வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு அந்த ஃபிளாட் பிடிபடவில்லை. நேரமும் அதிகம் என்றார்கள். ஓணத்துக்கு இன்னும் பத்து நாள். வரியையே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பழக்க தோஷம்; எடுக்கவில்லை. மூன்றாவது வரி முழுவதையும் ஷிஃப்ட் பிடித்துத் தேர்ந்தெடுத்து வி தட்டினேன். 'வாசி' டிக்கை மறந்துவிட்டேன். இரண்டாவது தடவையாக.

அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் காட்டினேன். டீச்சர் அல்லவா, திரையில் நகரும் நீலக் கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தார், பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்க வைப்பது போல. முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் திரையில் ஒன்றுமில்லை. ஐந்து கோடு மட்டும் வெறுமனே ஓடுகிறது. பாட்டு மட்டும் கேட்கிறது. அம்மாவின் விரல் நின்றுவிட்டது.

"இங்க ஒண்ணையும் காணோமே. சத்தம் வருது?"

"மறைச்சு வெச்சிருக்கேம்மா. புள்ளைங்களுக்கு வராது, அதான்."

"மறைச்சாலும் பாடுமா?"

"பாடும். பாடக் கூடாதுன்னா அதுக்குத் தனியா சொல்லணும்."

"இன்னொரு தரம் போடு."

போட்டேன். மூன்று தரம் போடச் சொன்னார். பிறகு எழுந்து போய் பால்கனியில் உலர்த்திய துணிகளை மடிக்க ஆரம்பித்தார். நான் டிக்கை எடுக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அது மறக்கல தம்பி. அந்த வரியில பேரு வரும்."

எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து தவறிவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அத்தை ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. புகைப்படம் கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் ஏறவில்லை. பிறப்பைப் பதிந்தார்களோ இல்லையோ, காகிதம் எதுவும் இல்லை. அப்பா போனபின் வாரிசுச் சான்றிதழுக்கு நான்தான் எல்லாப் படிவமும் நிரப்பினேன். தாலுகா ஆபீசில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது அம்மா ஒரு நொடி தாமதித்து "ரெண்டு" என்றார். காது மந்தம் என்று நினைத்து நான் சத்தமாக "ரெண்டு பேர் சார்" என்று ஒரு முறை சொன்னேன்.

1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்த புயல். தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாங்கள் அப்போது மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். நாங்கள் என்று எழுதிவிட்டேன், நான் பிறக்கவில்லை. அப்பா, அம்மா, பதினொரு மாதக் குழந்தை. வயிற்றுப்போக்கு. ரோடு முழுக்க மரம். பஸ் இல்லை. அப்பா குழந்தையைத் தோளில் போட்டுத் துண்டால் கட்டிக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். அம்மா அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தாலாட்டில் தாய்மாமன் பெயர் வரும், ஊர் வரும், குழந்தையின் பெயர் வரும். அடுத்த குழந்தைக்கு அந்த இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. அம்மா மாற்றவில்லை. எனக்கும் தங்கச்சிக்கும் வேறு வரிகளில் பெயர் வைத்துப் பாடியிருக்கிறார். அந்த வரி ஒருத்திக்கு மட்டும்.

"பேரு என்னம்மா?" என்றேன்.

சொன்னார். மூன்றெழுத்து. இங்கே எழுதவில்லை, மன்னிக்கவும்.

அன்று இரவு எல்லோரும் தூங்கியபின் மூன்றாவது வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் வி தட்டினேன். ஸ்வரங்கள் வந்து உட்கார்ந்தன. அடியில் சாகித்தியம் எழுதும் இடத்தில் அந்தப் பெயரைத் தட்டச்சினேன். மூன்று எழுத்தும் மூன்று ஸ்வரத்துக்குச் சரியாக விழுந்தது. நடு எழுத்து அந்த ஃபிளாட் மேல். காலையில் அம்மாவிடம், "அச்சுல பேரு வரட்டுமா?" என்று கேட்டேன். "புள்ளைங்க வாசிக்கறதுக்குப் பேரு எதுக்குடா, பயந்துக்கப் போவுதுங்க. உள்ள இருக்கட்டும்" என்றார். பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து வி. சாம்பல் நிறத்துக்குப் போனது. 'மறைந்ததைக் காட்டு' டிக்கை எடுக்க மனசு வரவில்லை, போட்டபடியே விட்டுவிட்டேன்.

வரியைத் திரும்பச் சேர்த்தாயிற்று என்று சொன்னதும் பிள்ளைகள் முறைத்தார்கள். "சாரமில்ல மோளே, ஒரு வரிதானே" என்று அம்மூம்மா சமாதானம் செய்தார். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் வாழைக்காய் நறுக்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டில் ஒரே அமைதி. பெண் ஏதோ ஒரு ஸ்வரம் தாளில் சரியாக விழவில்லை என்று கணினியில் கோப்பைத் திறந்திருக்கிறாள். சாம்பல் நிறத்தில் மூன்று எழுத்து. அது என்ன என்று தங்கமணியைக் கேட்டாளாம். தங்கமணிக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. (இதற்கு எனக்குத் தனியாகக் கச்சேரி நடந்தது, அதை விடுங்கள்.) நேராக அம்மாவிடமே போய், "அப்பாயி, இது யாரு?" என்று கேட்டுவிட்டாள்.

நாற்பது வருடத்துக்கு மேல் நான் கேட்காததை அவள் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டாள். நான் உள்ளே போனபோது இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுதுகொண்டிருக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு மேல் பல் இரண்டு வந்திருந்ததையும், கோழியைத் துரத்தித் தவழ்ந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் காலை மடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியாமல் சட்டையை மாற்றப் போய்விட்டேன்.

ஓண நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. பூக்களம், சத்யை, உறியடி எல்லாம் முடிந்து சாயங்காலம் வாசித்தார்கள். ஓமனத்திங்களுக்குப் பாதிக் கூட்டம் கூடவே பாடியது. நம் தாலாட்டுக்கு யாரும் பாடவில்லை, யாருக்கும் தெரியாதே. கீபோர்டு பையன் ஒரு இடத்தில் பழைய துணைக் குரலை விட்டுவிட முடியாமல் ஒரு தட்டு தட்டினான். ஃபிளாட் சரியாக விழுந்தது. அம்மா முன்வரிசையில் அம்மூம்மா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மூன்றாவது வரியில் வாய் அசைந்த மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை.

இப்போதும் பெண் சாயங்காலங்களில் அதை வாசிக்கிறாள். நேற்று அரைப் பரீட்சை முடிந்த குஷியில் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி வந்ததும் அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது.

"ஏ பாப்பா, அந்த எடத்துல ஏன் இவ்ளோ வேகம்? தூங்கற புள்ள முழிச்சுக்கும். மெதுவா."